நாற்பது நொடிப் பாடமும் நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டணமும்

வாசகர் கேள்வி – பதில்

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியதாக அமைந்துவிட்டது. இன்ஸ்டாகிராம், யூடியூப், டெலிகிராம் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வரும் இணையவழிப் பயிற்சி நிறுவனங்களே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். கடிதங்களில் இருந்த நிறுவனங்களின் பெயர்களையும் நீக்கிவிட்டோம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வர்க்கமூலத்தை நொடியில் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லும் ஒரு ரீல்ஸை என் கைப்பேசியில் பார்த்தாள். முழுக் குறிப்பும் வேண்டுமானால் கீழே ஒரு சொல்லை எழுதுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள், அவளும் எழுதியிருக்கிறாள். மறுநாள் அவளுக்கு ஓர் இணையத் தேர்வு வைத்து, 90 சதவீத உதவித்தொகைக்குத் தகுதி பெற்றுவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது நாள்தோறும் மூன்று முறை அழைக்கிறார்கள். இன்றிரவுக்குள் நாற்பதாயிரம் ரூபாய் கட்டினால்தான் அந்தச் சலுகை உண்டாம். அவள் எட்டாம் வகுப்பு என்பதும், நாங்கள் திண்டுக்கல் என்பதும், என் கைப்பேசி எண்ணும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர்களுக்குத் தெரிந்த எதையும் அவர்கள் களவாடவில்லை, அம்மா, அத்தனையையும் உங்கள் மகளே படிவத்தில் நிரப்பிக் கொடுத்திருப்பாள். ரீல்ஸின் கீழே அவள் எழுதிய ஒரு சொல்லுக்குத் தானியங்கிச் செய்தி ஒன்று பதிலாக வரும். அதில் ஓர் இணைப்பு இருக்கும். இணைப்பைத் தொட்டால் குறிப்பு கிடைப்பதற்கு முன் வகுப்பு, பாடத்திட்டம், ஊர், பெற்றோரின் எண் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் திறக்கும். அந்தப் படிவம் நிரம்பிய நொடியில் உங்கள் எண் ஒரு விற்பனைப் பட்டியலில் ஏறிவிடுகிறது. காணொளியில் பாடம் சொன்னவர் வேறு, உங்களை அழைப்பவர் வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அழைப்பவர் தம்மைக் 'கல்வி ஆலோசகர்' என்று சொல்லிக்கொண்டாலும், அவர் நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு, மாதத்துக்கு இத்தனை சேர்க்கை என்ற இலக்குக்கு வேலை பார்க்கும் விற்பனைப் பணியாளர். உங்கள் மகளுக்குக் கணக்கில் எந்த இடத்தில் தடுமாற்றம் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருக்காது.

உதவித்தொகை என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். அரசோ ஓர் அறக்கட்டளையோ பணம் தருவதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். தாங்களே ஒரு விலையை எழுதி, தாங்களே அதில் தொண்ணூறு சதவீதத்தை அடித்துவிட்டு, மீதியைக் கேட்பது ஆடித் தள்ளுபடியில் சேர்ந்தது. 'இன்றிரவுக்குள்' என்ற அவசரத்துக்கும் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகளில், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றுள் ஒன்று. வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்கு உள்ளாக்குவது இன்னொன்று. 'பிள்ளையின் எதிர்காலத்தில் உங்களுக்கு அக்கறை இல்லையா' என்று நாளை உங்களிடம் கேட்டால், அது எந்த வகையில் சேரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 'என் கைப்பேசியில்' என்ற ஒரு சொல்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விருப்பங்களையும் இணைய நடமாட்டத்தையும் வைத்து விளம்பரங்களைக் குறிவைக்க முடியாதபடி, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவும் யூடியூபை நடத்தும் கூகுளும் 2021-லேயே தம் விளம்பர விதிகளை மாற்றிவிட்டன. ஆனால் அந்தக் கட்டுப்பாடு கணக்கில் பதிந்துள்ள வயதைப் பொறுத்தது. உங்கள் கைப்பேசியில், உங்கள் கணக்கில் அவள் பார்க்கும்போது, அந்த நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது பதின்மூன்று வயதுச் சிறுமி அல்ல. கணக்குப் பாடக் காணொளிகளில் ஆர்வம் காட்டும், பணம் செலுத்தக்கூடிய ஒரு தாய். நம் வீடுகளில் ஒரே கைப்பேசி கைமாறிக்கொண்டிருக்கும் வரையில் அந்தப் பாதுகாப்பு விதிகள் நம் பிள்ளைகளுக்குப் பெருமளவு பயன்படுவதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் ஒன்பதாம் பிரிவு, குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன என்றாலும், முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்புகள் வேண்டாம் எனப் பதிவு செய்யுங்கள். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது விதி. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்தால், வந்த ஏழு நாட்களுக்குள் அதே 1909-இல் புகார் அளிக்கலாம்.

மகளைத் திட்ட வேண்டாம். அவள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அது நல்ல ஆசை. அந்த ரீல்ஸ் சொல்லாமல் விட்டதை மட்டும் அவளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். 2116-இன் கடைசி இலக்கம் 6 என்பதால் விடை 4-இலோ 6-இலோ முடியும், முன்னே உள்ள 21 என்பது 16-க்கும் 25-க்கும் இடையில் இருப்பதால் பத்தின் இடத்தில் 4 வரும், நான்கை ஐந்தால் பெருக்கினால் வரும் இருபதைவிட 21 பெரிது என்பதால் விடை 46 என்பதுதான் பெரும்பாலும் இவர்கள் காட்டும் வழி. இதே வழியில் 2126-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் 46 என்றே வரும், அது தவறு. முழு வர்க்க எண்களுக்கு மட்டுமே அந்த வழி பொருந்தும் என்பதைச் சொல்ல நாற்பது நொடி போதவில்லை போலும்.

கேள்வி: பொதுத்தேர்விலும் போட்டித் தேர்விலும் முதலிடம் பெற்ற ஒரே மாணவரின் படம் மூன்று நிறுவனங்களின் விளம்பரத்தில் வருகிறதே, அவர் மூன்றிலுமா படித்தார்?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ஒன்றில் ஓராண்டு படித்திருப்பார், இன்னொன்றில் மாதிரித் தேர்வு எழுதியிருப்பார், மூன்றாவதில் இலவச நேர்காணல் பயிற்சிக்கு இரண்டு நாள் போயிருப்பார். குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்கள் பல, இலவச நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களைத் தங்கள் முழுப் பயிற்சியின் விளைச்சலாகக் காட்டியதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. 2024 நவம்பர் வரையில் 18 பயிற்சி நிறுவனங்களுக்கு மொத்தம் 54.60 லட்சம் ரூபாய் அபராதம் விதித்திருந்தது. அந்த மாதம் 13-ஆம் தேதி அது வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம், கட்டணம் செலுத்தியா இலவசமாகவா படித்தார் என்பதையும் படத்தோடு சொல்ல வேண்டும்; அவருடைய ஒப்புதலையும் வெற்றிக்குப் பின்னரே பெற வேண்டும். சேரும் நாளிலேயே 'என் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று எழுதி வாங்கிக்கொள்வது செல்லாது. இந்த விவரங்கள் இல்லாத படத்தைச் சுவரொட்டியாக மட்டும் கருதுங்கள்.

கேள்வி: நான் விசைத்தறித் தொழிலாளி. பத்தாம் வகுப்பு மகனுக்காக ஓர் இணையவழிப் பயிற்சியில் சேர்த்தேன். மாதத் தவணையில் கட்டினால் போதும், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு மாதத்தில் வகுப்பு ஒழுங்காக நடக்காமல் போனதால் நிறுத்தச் சொன்னேன். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கிறது. கேட்டால், அது கட்டணம் அல்ல, நான் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன் என்கிறார்கள். நான் எந்தக் கடனும் கேட்கவில்லை.
— ஒரு வாசகர், குமாரபாளையம்

பதில்: ஐயா, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 'விவரம் சரிபார்க்க' என்று ஆதார், பான் எண்களையும், பின்னர் கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவு எண்ணையும் (ஓடிபி) கேட்டு வாங்கியிருப்பார்கள். அந்த எண்ணைச் சொன்ன கணத்தில் கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டது. நிதி நிறுவனம் முழுத் தொகையையும் அன்றே பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும். எனவே வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், நீங்கள் தவணை கட்ட வேண்டியது வேறொருவருக்கு. பாடம் நடத்த வேண்டியவரோ பணத்தை முன்பே பெற்றுக்கொண்டவர். இந்த ஏற்பாட்டில் உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பதுதான் இதன் கோளாறு.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர் 23 அன்றே இதைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. இலவசம் என்று சொல்லித் தானியங்கிப் பணப் பிடிப்புக்கு ஒப்புதல் வாங்கிவிடுவதையும், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைப்பதையும் அந்த அறிக்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

பொதுவெளியில் பதிவான ஒரு பெரிய நிறுவனத்தின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள நிறுவனம் அதுவன்று. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் 2011-இல் தொடங்கிய நிறுவனம், 2015-இல் பைஜூஸ் செயலியை வெளியிட்டது. 2019-இல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலும், 2022-இல் கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்து அரங்குகளிலும் அதன் பெயர் நின்றது. அந்த 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பெற்றோரை வற்புறுத்திக் கடன் அடிப்படையில் பாடங்களை விற்பதாக எழுந்த புகார்களின் பேரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை நிர்வாகியை விளக்கமளிக்க அழைத்தது. அதன் பின்னர், மாத வருமானம் 25,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு விற்பதில்லை என்றும், வீடு தேடிச் சென்று விற்பதை நிறுத்துவதாகவும் நிறுவனம் அறிவித்தது. கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, 2024 ஜூலை 16 அன்று அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு உத்தரவிட்டது. விளம்பரத்தின் பரப்பை வைத்து நிறுவனத்தின் உறுதியை அளக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுக் கட்டணத்தை ஒருசேர முன்கூட்டியே கொடுப்பவர், உண்மையில் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். நீங்களோ வேறிடத்தில் கடன் வாங்கி அந்தக் கடனைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. வகுப்பை நிறுத்தக் கேட்டதை இன்றே மின்னஞ்சலில் பயிற்சி நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் ஒருசேர எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இராது. கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி அதை உங்களுக்குத் தந்திருக்க வேண்டும், அபராதமின்றிக் கடனிலிருந்து விலகச் சில நாள் அவகாசமும் அளித்திருக்க வேண்டும். நிதி நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். பயிற்சி நிறுவனத்தின் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். கல்விக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். பள்ளி, கல்லூரிகளுக்கு அப்படிச் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையம், பயிற்சி மையங்கள் அந்த விலக்கில் அடங்கா என்று 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் ஆத்திரத்தில் செய்துவிடாதீர்கள். எழுத்தில் எதையும் பதியாமல் வங்கிக் கணக்கைக் காலியாக வைத்துத் தவணையைத் தவறவிட்டால், உங்கள் கடன் மதிப்பெண் விழும். நாளை தறிக்கு ஒரு கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் ஆறு வயதுப் பேரனைக் கணினி நிரல் எழுதும் இணைய வகுப்பில் சேர்க்கப் போவதாக மகன் சொல்கிறான். இந்த வயதில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானாம். நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் காலம் மாறிவிட்டதோ என்ற ஐயமும் இருக்கிறது.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: காலம் மாறியிருக்கிறது, ஆறு வயது மாறவில்லை. 'பின்தங்கிவிடுவான்' என்ற அச்சத்தை இந்தியப் பெற்றோரிடம் சமூக ஊடகங்கள் வழியாகப் பரவலாக விதைத்தது 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலம். சிறுவர்களுக்கு இணையத்தில் நிரல் கற்பிக்க 2018-இல் தொடங்கப்பட்ட ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற நிறுவனத்தின் விளம்பரங்களில், கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் பெறும் 'உல்ஃப் குப்தா' என்றொரு சிறுவன் வந்தான். ஒரு விளம்பரத்தில் அவனுக்கு ஒன்பது வயது, மற்றொன்றில் பதின்மூன்று. சம்பளமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறியது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் அந்த ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், பைஜூஸ் அதை 30 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. நிறுவனத்தைக் கடுமையாக விமர்சித்து வந்த ஒரு மென்பொறியாளர் மீது 20 கோடி ரூபாய் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தார் அதன் நிறுவனர். அடுத்த ஆண்டு மே மாதம் அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நிரல் எழுதுவது தீங்கில்லை. படக்கட்டைகளை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைச் சிறுவர்களுக்கென்றே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கியது. அது இலவசமாகக் கிடைக்கிறது. அதுவே எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலானவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான். இரண்டு ஆண்டு கழித்துப் பேரனுக்கு ஆர்வம் இருந்தால் அதில் விளையாடட்டும். இப்போதைக்கு அவனைத் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் விளையாட அழைத்துக்கொள்ளுங்கள். எண்ணுவதும், அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே யோசிப்பதும் அதில் இருக்கின்றன. மகனிடம் இதை வாதமாகச் சொன்னால் எடுபடாது. விளம்பரத்தில் வரும் பையனின் முழுப் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: நான் கணிதத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள். பள்ளி வேலை கிடைக்கவில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் இணைய வகுப்பு நடத்தும் சிறு நிறுவனம் தொடங்கத் தோழியோடு திட்டமிடுகிறேன். பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில்தான் இருக்கிறார்கள். ஏமாற்றாமல் அவர்களை எட்ட முடியுமா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பின்னாளில் பெருநிறுவனமாக வளர்ந்த அன்அகாடமி என்ற இணையவழிப் பயிற்சி நிறுவனம், 2010-இல் ஒரு யூடியூப் அலைவரிசையாகத்தான் தொடங்கியது. அலகாபாத்தைச் சேர்ந்த அலக் பாண்டே, பிசிக்ஸ்வாலா என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் இலவசமாக இயற்பியல் நடத்திய பிறகே 2020-இல் செயலியையும் நிறுவனத்தையும் கொண்டுவந்தார். 2022-இல் அது நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது. முழுப் பாடத்தையும் வெளிப்படையாக நடத்தி, அதைப் பார்த்துப் பழகியவர்கள் தாமாக வந்து சேர்ந்த கதை அது. பின்னாளில் முதலீட்டாளர்களின் பணமும், அதைப் பெருக்கிக் காட்ட வேண்டிய நெருக்கடியும் வந்து சேரும்போது எந்த நிறுவனத்தின் குணமும் மாறக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அதையே உங்கள் பலமாகக் கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இன்ஸ்டாகிராமில் பாடத்தை மட்டும் வைப்பேன். சேர்க்கையைப் பற்றிய பேச்சு முழுவதையும் பெற்றோரோடு மட்டும் வைத்துக்கொள்வேன். ஒரு பிள்ளை தனிச்செய்தியில் கட்டணம் கேட்டால், 'அம்மாவையோ அப்பாவையோ பேசச் சொல்' என்பதைத் தவிர வேறு பதில் தர வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் உறுதி செய்த பழைய விதி. அப்பாவின் கைப்பேசியில் பிள்ளை கட்டிவிட்ட பணத்தை வைத்துக்கொண்டு வழக்காடுவது உங்களுக்கு அழகாகவும் இராது. கட்டணத்தை மாதந்தோறும் வாங்குங்கள். திரும்பத் தரும் விதியை நான்கு வரியில், பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும் தமிழில், கட்டணத்துக்கு அருகிலேயே எழுதுங்கள்.

வகுப்புக்கென வாட்ஸ்அப் குழு தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். நாற்பது பேர் குழுவில் ஒவ்வொரு மாணவியின் எண்ணும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தெரியும். அதனால் விளையும் தொல்லையை நான் பள்ளிகளில் கண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புகளுக்கு அது போதும். ஐயங்களை வகுப்பிலேயே கேட்கட்டும். மாணவரின் முகமோ மதிப்பெண்ணோ தெரியும்படி எதையும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள். பணம் கொடுத்து யாரையாவது உங்களைப் பற்றிப் பேசவைத்தால், அது விளம்பரம் என்ற சொல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. தனியார் பயிற்சிக்கு வரி 18 சதவீதம். ஒருகால் நாளை உங்களுக்கோ தோழிக்கோ பள்ளி வேலை கிடைத்துவிட்டால், ஆசிரியராக இருப்பவர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்வதை நினைவில் வையுங்கள்.

தமிழ்வழி என்பது நல்ல முடிவு. இந்தத் துறையின் பெரும் முதலீடு ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் போய்விட்டது. சமச்சீர்ப் பாடநூலின் பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல், பக்க எண்ணைச் சொல்லி நடத்துங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு பிள்ளை தேடுவது 'நொடியில் வர்க்கமூலம்' அல்ல, 'பயிற்சி 3.8, ஐந்தாவது கணக்கு'.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் ஊரில் இயற்பியல் டியூஷன் இல்லை. யூடியூபிலும் டெலிகிராமிலும் இலவசமாகப் படிக்கிறேன். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று அப்பா கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டார். நான் செய்வது தவறா?
— ஒரு மாணவர், விளாத்திகுளம்

பதில்: யூடியூபில் படிப்பது தவறில்லை, தம்பி. டெலிகிராமில் அப்பாவின் கோபத்துக்குப் பாதி நியாயம் உண்டு. அங்கே கிடைக்கும் குறிப்பு நூல்கள் பலவும் திருட்டுப் பிரதிகள். அதைவிடக் கேடானவை, வினாத்தாள் கையில் இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் குழுக்கள். 2025 நீட் தேர்வுக்கு முன் தேசியத் தேர்வு முகமை இத்தகைய டெலிகிராம் குழுக்களை நூற்றுக்கு மேல் கண்டறிந்தது. அத்தகைய குழுவில் நீ இருந்தால் இன்றே வெளியேறிவிடு.

எந்த விற்பனை அழைப்பும் வராத இடங்கள் உனக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டப் பாடங்கள் காணொளியாக உள்ளன. 'தொட்டனைத் தூறும்' என்ற குறளிலிருந்து எடுத்த பெயர். நீட், ஜேஇஇ தேர்வுகளுக்குக் கான்பூர் ஐஐடி நடத்தும் சாத்தி தளம் இலவசம். இலவச அரசுத் தளம் என்றாலே தரவு பத்திரமாக இருக்கும் என்றும் எண்ணிவிடாதே. கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பத்துக்கு ஒன்பது அளவிலானவை குழந்தைகளின் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை என்று அது கூறியது. ஆகவே கேட்கும் அனுமதி எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், பாடம் பார்க்கத் தேவையானதை மட்டும் கொடு.

காணொளியில் ஆசிரியர் கணக்கைப் போட்டு முடிக்கும்போது நமக்கும் அது வந்துவிட்டது போலத் தோன்றும். அவர் வினாவை வாசித்ததும் நிறுத்திவிட்டு, நோட்டில் நீயே போட்டுப் பார்த்த பிறகு மீதியை ஓடவிடு. அந்த நோட்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டு. கைப்பேசியைத் திரும்பக் கேட்பதற்கு அதைவிடச் சிறந்த விண்ணப்பம் இல்லை.

கேள்வி: வேண்டாம் என்று சொன்னாலும் விடாமல் பேசுகிறார்கள். முகத்தில் அடித்தாற்போலத் துண்டிக்கவும் மனம் வரவில்லை. என்ன சொல்லி முடிப்பது?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: 'முழுக் கட்டணம் எவ்வளவு, பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துவிட்டு நானே அழைக்கிறேன்' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மின்னஞ்சல் வராது. வந்தால் அதை எனக்கும் அனுப்பிவையுங்கள்; அடுத்த இதழில் பார்ப்போம்.